நடுத்தர நாடுகள் ஒன்று சேர்ந்தால் நம் கடலுக்கு என்ன கிடைக்கும்?

நாஞ்சில் டீச்சர்

2026 ஜனவரியில் டாவோஸில் கனடா பிரதமர் மார்க் கார்னி பேசியதிலிருந்து 'நடுத்தர நாடுகள்' என்ற சொல் தமிழ்ச் செய்திகளிலும் அடிக்கடி கண்ணில் படுகிறது. வல்லரசுகள் விதிகளை மதிக்காத காலம் இது, நடுவில் இருக்கும் நாடுகள் சேர்ந்து நின்றால்தான் பிழைக்க முடியும் என்பது அவர் பேச்சின் சாரம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை எப்படிப் பார்ப்பது என்று இந்த இணைய இழையில் பேசலாமா?

நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. 'கரையிலிருந்து 200 கடல் மைல் வரை அந்தந்த நாட்டின் தனிப் பொருளாதார மண்டலம்' என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்த 200 எங்கிருந்து வந்தது என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஓய்வுக்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

1952-இல் சிலி, பெரு, ஈக்வடார் மூன்றும் சாந்தியாகோவில் கூடி 200 கடல் மைல் எங்களுடையது என்று அறிவித்தன. தூரத்து நாடுகளின் பெரிய கப்பல்கள் வந்து அள்ளிக்கொண்டு போவதை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது வல்லரசுகள் அதை ஏற்கவில்லை. 1967-இல் மால்டாவின் அர்விட் பார்டோ ஐ.நா.வில் எழுந்து, ஆழ்கடலின் அடித்தளம் மனிதகுலம் முழுவதற்கும் பொது என்று பேசினார். 1970-களின் தொடக்கத்தில் கென்யா தனிப் பொருளாதார மண்டலம் என்ற யோசனையை முன்வைத்தது. 1973-இல் தொடங்கிய கடல் சட்ட மாநாட்டுக்கு முதல் தலைவர் யார் தெரியுமா? இலங்கையின் ஷெர்லி ஹாமில்டன் அமரசிங்க. 1980-இல் அவர் இறந்த பிறகு சிங்கப்பூரின் டாமி கோ பொறுப்பேற்று முடித்துவைத்தார். அந்த 200-ஐ உள்ளடக்கிய கடல் சட்ட ஒப்பந்தம் 1982 டிசம்பர் 10 அன்று ஜமைக்காவின் மாண்டிகோ பேயில் கையெழுத்தானது. நடைமுறைக்கு வந்தது 1994-இல்தான். அமெரிக்கா இன்றுவரை சேரவில்லை.

சிலி, பெரு, மால்டா, கென்யா, இலங்கை, சிங்கப்பூர். இவற்றில் வல்லரசு ஒன்றும் கிடையாது. ஆனால் குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் காலையில் ஏலம் போகும் மீனுக்குப் பின்னால் இவர்கள் போட்ட சட்டம் இருக்கிறது. இதே மாதிரி இன்று இன்னொன்றைச் செய்ய முடியுமா? அதுதான் என் கேள்வி.

தக்கலைக்காரன்

நல்ல இழை டீச்சர். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இந்தியா நடுத்தர நாடா? 140 கோடிப் பேர், அணு ஆயுதம், பெரிய பொருளாதாரம். ஆனால் பாதுகாப்பு அவையில் நிரந்தர இடம் இல்லை. தனியாக ஒரு விதியைப் போட்டு உலகத்தைக் கேட்கவைக்கும் நிலையிலும் இல்லை. சில மேசைகளில் பெரியவர், சில மேசைகளில் நடுத்தரம். கடல் விஷயத்தில் நடுத்தரம் என்றே நினைக்கிறேன்.

வரலாற்றுப் பக்கம் ஒன்று சொல்கிறேன். 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மா டச்சுக் கம்பெனியைத் தோற்கடித்ததை நாம் பெருமையாகப் பேசுகிறோம். பெருமைதான். பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தலைவரானார். அவர் கல்லறை இன்றும் உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். திருவிதாங்கூரும் கொச்சியும் கோழிக்கோடும் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டன. வடக்கிலிருந்து மைசூர் வந்தது. 1795-இல் திருவிதாங்கூர் ஆங்கிலக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு அதன் நிழலுக்குள் போனது. ஒரு பெரியவனை வென்ற அரசு அறுபது வருடத்துக்குள் இன்னொரு பெரியவனிடம் ஒதுங்க வேண்டி வந்தது. பக்கத்தில் இருந்த அரசுகளோடு கூட்டு இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம். நான் குளச்சலை நினைக்கும்போதெல்லாம் இதுவும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.

குலசேகரம் ரப்பர்

எல்லோரும் கடலையே பேசுகிறீர்கள், மலைப் பக்கத்திலிருந்து நான் கொஞ்சம் சொல்கிறேன். நடுத்தர நாடுகள் சேர்ந்தால் நடக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. காரணம் ரப்பர்.

தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா மூன்றும் 2001-இல் சேர்ந்து ரப்பர் விலையைக் காப்பாற்ற ஒரு கூட்டு வைத்தன. உலக இயற்கை ரப்பரில் பெரும்பகுதி அவர்கள் கையில்தான் இருந்தது. விலை விழும்போது ஏற்றுமதியைக் குறைப்பது திட்டம். 2016-இல் ஆறு மாதத்துக்கு 6.15 லட்சம் டன் குறைப்பதாக அறிவித்தார்கள். 2018-இலும் 2019-இலும் மறுபடி குறைத்தார்கள். விலை கொஞ்சம் ஏறும், மறுபடி படுத்துவிடும். அவர்கள் குறைத்த நேரத்தில் வியட்நாமிலும் ஐவரி கோஸ்ட்டிலும் உற்பத்தி பெருகிக்கொண்டே போனது. கூட்டுக்கு வெளியே இருப்பவனுக்குத்தானே லாபம்.

2011-இல் ரப்பர் ஷீட் கிலோ இருநூறைத் தாண்டியபோது எங்கள் ஊரில் வீடு கட்டாதவன் குறைவு. அப்புறம் நூறு ரூபாய்ப் பக்கம் வந்தபோது பால் வெட்ட ஆள் கூலி கட்டுபடியாகாமல் மரத்தைச் சும்மா விட்டவர்களில் நானும் ஒருவன். இந்தியா அந்தக் கூட்டில் சேராது. ஏனென்றால் நம்மிடம் விளைவதைவிட நாம் வாங்குவது அதிகம், டயர் கம்பெனிக்கு விலை குறைய வேண்டும், எனக்கு ஏற வேண்டும். ஒரே நாட்டுக்குள்ளேயே இரண்டு வயிறு. இதில் எந்த வயிற்றுக்காக நம் நாடு வெளியே போய்ப் பேசும்?

மணக்குடிக்காரன்

ரப்பர் அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் நடக்காத கதை மட்டும் இல்லை. நடந்த கதை ஒன்று நான் சொல்ல வேண்டும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவில் நிலம் குலுங்கியபோது நம் கடிகாரத்தில் காலை 6.29. எங்கள் கரைக்கு அலை வந்தது அதற்குப் பல மணி நேரம் கழித்து. அந்த மணி நேரங்கள் எல்லாம் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையாகவே கழிந்தன. பூசைக்குப் போனவர்கள், கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள், விளையாடிய பிள்ளைகள். மணக்குடிப் பாலத்தையே அலை தூக்கிக்கொண்டு போனது. என் வீட்டில் இருவர். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வரவில்லை.

பசிபிக் கடலில் நாடுகள் சேர்ந்து எச்சரிக்கை கொடுக்கும் ஏற்பாடு 1965 முதலே உண்டு. இந்தியப் பெருங்கடலுக்கு அது கிடையாது. சுனாமிக்குப் பிறகு கொஞ்ச காலம் ஹவாயிலிருந்தும் டோக்கியோவிலிருந்தும்தான் நமக்குத் தகவல் வந்தது. 2007-இல் ஹைதராபாத்தில் நம் எச்சரிக்கை மையம் வந்தது. 2011 அக்டோபரில் யுனெஸ்கோ ஏற்பாட்டின் கீழ் மூன்று நாடுகள் இந்தக் கடல் முழுவதற்கும் எச்சரிக்கை தரும் பொறுப்பை எடுத்துக்கொண்டன. இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா. மூன்றும் ஒரே நேரத்தில் கணக்குப் போட்டுச் சுற்றியுள்ள நாடுகளுக்கெல்லாம் அனுப்புகின்றன. ஒன்று விட்டாலும் இன்னொன்று இருக்கும்.

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் குலுங்கியது. அன்று மதியம் சேதி சீக்கிரமே வந்துவிட்டது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். பெரிய அலை வரவில்லை. ஆனால் அம்மா அங்கே உட்கார்ந்து 'அன்றைக்கு இப்படி ஒருத்தன் சொல்லியிருந்தால்' என்று அழுதாள். நடுத்தர நாடுகளால் என்ன ஆகும் என்று கேட்டால் எனக்கு அந்த மேடுதான் ஞாபகம் வரும்.

தூத்தூர் தூண்டில்

இந்த இழையை மகள் காட்டினாள், முழுக்கப் படித்தேன். நான் விசைப்படகு ஸ்ராங்கு, அதாவது படகை நடத்துகிறவன். தங்குகடல் தொழில், முப்பது நாற்பது நாள் கடலில். லட்சத்தீவு தாண்டி, மாலத்தீவு மேற்குப் பக்கம், ஓமன் போகும் வழி வரை தூண்டில் போட்டிருக்கிறேன். சுறா, கேரை (சூரை வகை மீன்). நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரை எங்கள் ஊர்களுக்கு இதுதான் பிழைப்பு.

டீச்சர் சொன்ன 200 மைல் எங்களுக்குப் பாதுகாப்பு, அதே நேரம் வேலியும்தான். மாலத்தீவின் 200, இலங்கையின் 200, டீகோ கார்சியாவைச் சுற்றி 200. தண்ணீரில் கோடு எதுவும் கிடையாது. நீரோட்டம் இழுத்து ஜிபிஎஸ்ஸில் ஒரு புள்ளி தப்பினால் படகும் போச்சு, மீனும் போச்சு. எங்கள் பக்கத்துப் படகுகள் டீகோ கார்சியா அருகே பிடிபட்டு அபராதம் கட்டிய செய்தி உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இதில் எனக்குப் புரியாத ஒன்று. கோட்டுக்கு வெளியே, எவனுக்கும் சொந்தமில்லாத கடலில் பெரிய சுருக்குமடிக் கப்பல்கள் நிற்கும். அவை மிதவைகளைக் கட்டி விட்டிருக்கும். அடியில் பழைய வலை தொங்கும், மேலே சேட்டிலைட் கருவி இருக்கும். அதன் நிழலில் மீன் சேரும், எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கப்பலில் இருந்தபடியே தெரிந்துவிடும். வந்து ஒரே வளைப்பில் குஞ்சு குட்டி எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். நாங்கள் நூற்றுக்கணக்கான தூண்டிலில் ஒவ்வொன்றாக இழுக்கிற மீன் அது. இதைக் கேட்க எந்த நாடும் இல்லையா?

இன்னொன்று. நம் ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீனுக்குக் கிழக்கு மேற்கு தெரியுமா? ஒரு மாவட்டத்துக்குள்ளேயே இப்படி என்றால் முப்பது நாடுகள் சேர்ந்து ஒரு மீனைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரிகிறது. அதனால்தான் கேட்கிறேன்.

நாஞ்சில் டீச்சர்

தம்பி, நீங்கள் வந்து எழுதியது பெரிய சந்தோஷம். கேட்க நாடு இருக்கிறது. கேட்டும் விட்டார்கள். என்ன ஆயிற்று என்று சொல்கிறேன்.

இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் என்று ஒன்று, தலைமையகம் செஷல்ஸில். இந்தியாவும் உறுப்பினர். 2023 பிப்ரவரியில் கென்யாவின் மொம்பாசாவில் சிறப்புக் கூட்டம் நடந்தது. இந்தோனேசியா முன்னால் நிற்க, கடலோர நாடுகள் பல சேர்ந்து, அந்த மிதவை மீன்பிடிப்பை வருடத்தில் 72 நாள் நிறுத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தன. வாக்கெடுப்பில் வென்றார்கள்!

ஆனால் அந்த ஆணையத்தின் ஒப்பந்தத்திலேயே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தீர்மானம் பிடிக்காத உறுப்பினர் 120 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவித்தால் அது அவரைக் கட்டுப்படுத்தாது. ஐரோப்பிய ஒன்றியம் ஆட்சேபித்தது. மிதவைக் கப்பல்களில் பெரிய பங்கு அவர்களுடையதுதானே. தடை அவர்களைத் தொடாமல் போனது.

எனக்கு இது மிகவும் வலித்தது. ஆனால் கைவிட முடியாது என்றும் தோன்றுகிறது. பசிபிக்கில் 1982-இல் கையெழுத்தான ஓர் உடன்படிக்கையில் நவுரு, துவாலு, கிரிபாத்தி மாதிரி எட்டு சின்ன நாடுகள் சேர்ந்திருக்கின்றன. 2007-க்குப் பிறகு கப்பல்களிடம் மீனுக்குக் காசு வாங்குவதை விட்டு, நாளுக்குக் காசு வாங்கத் தொடங்கினார்கள். இத்தனை நாள்தான் எங்கள் கடலில் பிடிக்கலாம், ஒரு நாளுக்கு இவ்வளவு என்று எட்டுப் பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். வருமானம் பல மடங்கு ஏறியது. ரப்பர் தம்பி கேட்ட கேள்விக்கு இதில் கொஞ்சம் பதில் உண்டு. அங்கே கூட்டுக்கு வெளியே நின்று லாபம் பார்க்க ஆள் குறைவு, சூரை அந்த எட்டுப் பேர் கடலில்தான் திரள்கிறது.

குழித்துறை வக்கீல்

ஆட்சேப உரிமை பற்றி டீச்சர் எழுதியது சரியான இடம். அந்த மாதிரிப் பிரிவு இல்லாமல் பல நாடுகள் சேரவே சேராது. சேரவைக்க ஒரு கதவைத் திறந்து வைக்கிறோம், பிறகு அதே கதவு வழியாக வெளியே போய்விடுகிறார்கள். சட்டம் படித்தவனுக்கு இது புதிதில்லை, ஆனாலும் பழகிப்போகவில்லை.

நம் மாவட்டத்தோடு நேரடித் தொடர்புள்ள ஒரு வழக்கு இருக்கிறது. 2012 பிப்ரவரி 15 அன்று 'எம்.டி. என்ரிகா லெக்சி' என்ற இத்தாலியக் கப்பலில் இருந்த கடற்படையினர் சுட்டதில் 'செயின்ட் ஆன்டனி' படகில் இருந்த இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லம், ஒருவர் நம் மாவட்டத்து இளைஞர். கடல் சட்ட ஒப்பந்தத்தின் கீழ் நடுவர் தீர்ப்பாயத்துக்கு வழக்கு போனது. 2020-இல் தீர்ப்பு வந்தது. இத்தாலி இந்தியாவின் கடற்பயண உரிமையை மீறியது, இழப்பீடு தர வேண்டும். ஆனால் அந்த இரு வீரர்களுக்கும் அரசு ஊழியர் என்ற விலக்கு உண்டு, இந்திய நீதிமன்றம் விசாரிக்க முடியாது. பத்து கோடி இழப்பீடு. இரு குடும்பங்களுக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது.

அந்தத் தீர்ப்பை நான் முழுமனதோடு ஏற்றுக்கொண்டதில்லை. இங்கே ஒரு விசாரணை நடந்திருக்க வேண்டும். ஆனால் அப்படி ஒரு தீர்ப்பாயமே இல்லாத உலகத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு அரசுகளும் கதவைப் பூட்டிக்கொண்டு பேசி முடித்திருக்கும், இழப்பீடு எவ்வளவு என்று நமக்குத் தெரிந்திருக்காது.

டீகோ கார்சியா சொன்னார் ஸ்ராங்கு. அதையும் பாருங்கள். டீகோ கார்சியா இருக்கும் சாகோஸ் தீவுக்கூட்டத்தை மொரிஷியஸிலிருந்து பிரிட்டன் பிரித்து வைத்தது சட்டப்படி சரியில்லை என்று 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அந்தக் கேள்வியை அங்கே கொண்டுபோனதற்குப் பின்னால் நின்றது மொரிஷியஸ், நம் மாவட்ட மக்கள்தொகைகூட இல்லாத நாடு. ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் மொரிஷியஸ் பக்கம், 6 எதிர். 2025 மே மாதம் தீவுகளை மொரிஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் கையெழுத்திட்டது. அமெரிக்கத் தளம் மட்டும் இருக்கும். அந்தக் கடலின் மீன் விதி எப்படி அமையும் என்பதில் தூத்தூருக்கு ஓர் அக்கறை இருக்க வேண்டும். மொரிஷியஸோடு இந்தியாவுக்கு நல்ல உறவு உண்டு. இதை யாராவது கேட்டிருக்கிறார்களா?

கடைசியாக ஒன்று. யாருக்கும் சொந்தமில்லாத கடலுக்கும் இப்போது சட்டம் வந்துவிட்டது. 2023 ஜூன் 19-இல் ஐ.நா.வில் ஏற்கப்பட்டது, பேச்சுவார்த்தைக்குத் தலைமை தாங்கியவர் மறுபடியும் ஒரு சிங்கப்பூர்க்காரர், ரீனா லீ. அறுபது நாடுகளின் ஒப்புதல் சேர்ந்து 2026 ஜனவரி 17 முதல் நடைமுறை. இந்தியா 2024 செப்டம்பரில் கையெழுத்திட்டது.

அபுதாபி குளச்சல்

நான் வேலை பார்க்கும் ஊரில்தான் 2024-இல் உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் மாநாடு நடந்தது. மீன்பிடி மானியத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் இரண்டாம் பகுதி அங்கே முடியாமல் போனது. முடியாமல் போனதற்கு இந்தியாவும் ஒரு காரணம் என்று எழுதினார்கள். தூரக்கடல் மீன்பிடிக்கும் பெரிய நாடுகள் முதலில் 25 வருடம் மானியத்தை நிறுத்தட்டும், எங்கள் சிறு மீனவர்களைத் தொடாதீர்கள் என்பது நம் நிலை. நியாயமான நிலை. முதல் பகுதி மட்டும் 2025 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஆனால் 'முடியாது' என்று சொல்லி எழுந்து வருவதோடு நம் வேலை முடிந்துவிடுகிறதே என்ற வருத்தம் எனக்கு உண்டு. இந்தோனேசியா மொம்பாசாவில் செய்தது போல, பத்து நாட்டைச் சேர்த்துக்கொண்டு மாற்று வரைவை மேசையில் வைத்தால் வேறு மாதிரி இருக்கும். எங்கள் கட்டுமானத் தளத்தில் இலங்கைக்காரர், பங்களாதேஷ்காரர், கென்யாக்காரர் எல்லோரும் இருக்கிறோம். கடற்கரை ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டால் எல்லோருக்கும் ஒரே குறைதான்.

தூத்தூர் தூண்டில்

மானியம் பற்றி: வரியில்லா டீசல் கிடைக்காவிட்டால் நாற்பது நாள் கடலுக்கு எங்கள் படகு போக முடியாது. ஆனால் அந்தப் பெரிய கப்பலுக்கும் அவன் நாட்டு அரசு காசு கொடுக்கிறது என்பது எனக்கு இந்த இழையில்தான் தெரிந்தது. இரண்டையும் 'மானியம்' என்று ஒரே சொல்லால் சொன்னால் எப்படி?

குலசேகரம் ரப்பர்

ஸ்ராங்கு கேட்டதுதான் என் கேள்வியும். வெளியே போய்ப் பேசுகிறவர் இதை எல்லாம் தெரிந்துகொண்டா பேசுகிறார்? நவுரு கதை நன்றாக இருந்தது டீச்சர், ஆனால் நான் இன்னும் மாறவில்லை. எட்டு நாட்டுக்கும் ஒரே மீன், ஒரே வருமானம். நமக்கு அப்படி இல்லை.

நாஞ்சில் டீச்சர்

மாற வேண்டாம் தம்பி, உங்கள் கேள்வி இருக்கட்டும். வெளியே போய்ப் பேசுகிறவர் கையில் என்ன எடுத்துக்கொண்டு போகிறார் என்பதுதான் எனக்கும் கவலை.

சூரை ஆணையத்தில் பல வருடமாக ஒரு பேச்சு நடக்கிறது. எந்த நாட்டுக்கு எவ்வளவு மீன் என்று பங்கு பிரிப்பது. பழைய பிடிப்புக் கணக்கை வைத்துப் பிரிக்கலாம் என்று தூரக்கடல் நாடுகள் கேட்கின்றன. எங்கள் கடலில் நீங்கள் பிடித்ததை எங்கள் கணக்கில் சேருங்கள் என்று கடலோர நாடுகள் கேட்கின்றன. எப்படிப் பிரித்தாலும் காகிதம் வேண்டும். தூத்தூர்ப் படகு பிடித்த மீன் எங்கே இறங்குகிறது? பெரும்பாலும் கொச்சி தோப்பும்படியில். எங்கே பிடித்தது, எந்த வகை, எவ்வளவு என்பது எங்கே பதிவாகிறது? நாற்பது வருடமாக ஆழ்கடலுக்குப் போகும் ஊர்கள் இவை. அந்த அனுபவம் முழுக்க உங்கள் தலையில் இருக்கிறது, மேசையில் இல்லை. இந்தோனேசியா பேசும்போது கணக்கோடு பேசியது. மாலத்தீவும் அப்படித்தான், ஒற்றைத் தூண்டிலில் பிடித்த சூரை என்று அதற்குச் சந்தையில் ஒரு பெயரே வாங்கி வைத்திருக்கிறது.

தம்பி, கேட்கிறேன் என்று தவறாக நினைக்க வேண்டாம். நீங்கள் பிடிப்பைக் குறித்து வைக்கும் வழக்கம் உண்டா?

தூத்தூர் தூண்டில்

உண்டு டீச்சர். பங்கு பிரிக்க வேண்டுமே, அதற்காக எல்லாப் படகிலும் நோட்டு இருக்கும். என்னுடையது 2009 முதல் இருக்கிறது. இறங்கிய தேதி, தூண்டில் போட்ட ஜிபிஎஸ் புள்ளி, கேரை எத்தனை, சுறா எத்தனை, எடை, விற்ற விலை. மிதவை கண்ட இடத்தில் ஒரு வட்டம் போட்டு வைப்பேன், அந்தப் பக்கம் தூண்டில் போட்டால் சிக்கும் என்பதற்காக. எண்ணிப் பார்த்ததில்லை, நிறைய வட்டம் இருக்கும்.

எங்கள் ஊரில் இப்படி இருபது முப்பது பேரிடமாவது வாங்கலாம். 2017 ஓகிப் புயலில் போன படகுகளின் நோட்டு இல்லை. என் மச்சானுடையது அதில் போனது.

குழித்துறை வக்கீல்

ஸ்ராங்கு, அந்த நோட்டுகளை யாரிடமும் மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள். படம் எடுத்துக்கொண்டு அசலை நீங்களே வைத்திருங்கள். புள்ளிகளை வெளியே காட்டலாமா என்பதையும் முதலில் யோசிக்க வேண்டும், எல்லைக்கு அருகே உள்ள புள்ளி உங்களுக்கே எதிராகத் திரும்பக்கூடாது. நான் கூட இருக்கிறேன், கட்டணம் பேச்சே இல்லை.

மணக்குடிக்காரன்

கம்ப்யூட்டரில் ஏற்ற எங்கள் ஊரில் கல்லூரிப் பிள்ளைகள் ஆறு பேர் தயார். இரவே கேட்டுவிட்டேன்.

தூத்தூர் தூண்டில்

சரி. வக்கீல் சொன்னபடி செய்கிறேன். நான் இப்போது தேங்காப்பட்டணத்தில் இருக்கிறேன், ஐஸ் ஏற்றி வியாழக்கிழமை கிளம்ப வேண்டும். அதற்கு முன்னால் புதன் மாலை வந்தால் என் ஏழு நோட்டுகளையும் தருகிறேன், படம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களிடம் மகள் கேட்டு வைப்பாள். 2014-க்குப் பிறகு எழுத்து அவளுடையது, நான் கடலிலிருந்து வந்து சொல்லச் சொல்ல எழுதியது. படிக்கச் சிரமம் இருக்காது.